திரும்பி வந்த கோப்பைகள்

கடிதம் வந்தால் இருபத்தாறு வீட்டுக்கு நார்சாச் சோறு கொடுப்பதாக ஸகியா நேர்ந்திருந்தாள். கடிதம் புதன்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்பே நெய்ச்சோறும் இறைச்சிக் கறியும் இறக்கி, ஓதி முடித்து, சோற்றுக் கோப்பைகளை வரிசையாக வைத்துவிட்டாள்.

வந்தது இராணுவக் கலாசாலைக்கு அதிகாரிப் பயிலுநர்களை எடுப்பதற்கான நேர்முகப் பரீட்சை அழைப்பு. அடுத்த வியாழன் காலை எட்டு மணிக்குக் கொழும்பில் நிற்க வேண்டும். எடுப்பதும் எடுக்காமல் விடுவதும் அதற்குப் பிறகுதான். மகன் பஸால் இதைத் தாய்க்கு மூன்று தடவை விளங்கப்படுத்தினான்.

"எனக்கு வெளங்குது மனே," என்றாள் ஸகியா, கோப்பைகளின் விளிம்பைத் துடைத்தபடி. "கடிதம் வந்தாத் தாறன் எண்டுதான் அல்லாட்டச் சொன்னன். வந்திரிச்சி. இனி அது என்ன கடிதமெண்டு நான் அவனோட வழக்குப் பேசவா?"

"அதுக்கில்ல உம்மா. நான் எடுபட்டுட்டன் எண்டு ஆக்கள் நினைப்பாங்க."

"நினைச்சா துஆக் கேப்பாங்க. அதுல உனக்கு என்ன நட்டம்?"

நட்டம் என்னவென்று பஸாலால் சொல்ல முடியவில்லை. போவதா வேண்டாமா என்று அவன் இன்னும் தீர்மானிக்கவே இல்லை என்பதுதான் அது. விண்ணப்பத்தை நிரப்பியவர் மிஹ்லார் மாமா. எழுத்துப் பரீட்சைக்குப் போகச் சொன்னார்கள், போனான். பரீட்சையில் தேறுவது மட்டும் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே கைவந்த காரியம்.

மூத்த சகோதரி முஸ்பிறா ராத்தாவும் அவனுமாகக் கோப்பைகளைச் சுமந்தார்கள். கல்முனைக்குடியின் அந்த ஒழுங்கையில் கடற்காற்று வீசினால் எந்த வீட்டில் என்ன கறி என்பது எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு கேற்றடியிலும் "ஆபீசர் வாறார்" என்றார்கள். அவன் "இன்னும் இல்ல, இன்டவியூதான்" என்றான். நாலாவது வீட்டுக்குப் பிறகு அதையும் சொல்லவில்லை. ஹுஸ்னியா சாச்சி கோப்பையை வாங்கி மூடியைத் திறந்து மணந்து பார்த்தாள்.

"உன்ட வாய்க்குள்ள கொழுக்கட்டையாடா? ஆபீசர்மார் சத்தமாக் கதைக்கோணும்."

"ஓம் சாச்சி," என்றான் பஸால். அதையும் மெதுவாகத்தான் சொன்னான்.

சனிக்கிழமையும் மாலை பாண்டிருப்பில் அவனுக்குச் சிங்கள வகுப்பு. படிப்பிப்பவர் நிரோசன், முப்பது வயதுக்கு மேல் இருக்காது. வகுப்பு முடிந்து எல்லோரும் சைக்கிளை எடுக்கும்போது பஸால் மட்டும் கதிரைகளை அடுக்கிக்கொண்டு நின்றான்.

"என்ன, கேக்கோணுமா?"

"சேர், நான் அதுக்குச் சரிவருவனா?"

நிரோசன் மேசையின் இழுப்பறையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்தார். ஏதோ வெளிநாட்டு இணையப் பக்கத்தில் இருந்ததைத் தமிழில் ஆக்கிக் கையால் எழுதியிருந்தார். தலைப்பு: 'இராணுவக் கலாசாலை உமது ஆளுமைக்குப் பொருந்துமா?' கீழே இருபது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி.

"நீ வகுப்பில கடிதத்தக் காட்டின அண்டைக்கே எழுதி வெச்சன். நீயே உன்னக் கேட்டுப் பாரு."

"நீங்க என்ன நினைக்கீங்க சேர்?"

"நான் நினைக்கிறது எதுக்கு?" நிரோசன் கரும்பலகையைத் துடைக்கத் தொடங்கினார். ஏற்கெனவே துடைத்திருந்த இடத்தையே துடைத்தார். "எங்கட அண்ணன இயக்கத்துக்குக் கூட்டிப் போகக்குள்ள அவருக்குப் பதினாறு வயசு. அது வேற பக்கம், வேற ஆக்கள். அவருக்கு இப்பிடிக் கேள்வித்தாள் ஒண்டும் குடுக்கல்ல. உனக்குக் கிடைச்சிரிக்கி. வடிவா நிரப்பு."

பஸால் அதை வடிவாகத்தான் நிரப்பினான். அவனிடம் ஒரு முறை இருந்தது. பென்சிலால் மட்டுமே எழுதுவது. சரி போடுவதென்றாலும் பிழை போடுவதென்றாலும் சாட்சி வேண்டும். சாட்சி இல்லாவிட்டால் பெட்டியை வெறுமையாக விடுவது. ஒன்று, அதிகாலையில் எழும்புவீரா? சுபஹுத் தொழுகைக்கு எழும்புகிறான், சரி. இரண்டு, உடைமைகளை ஒழுங்காக வைப்பீரா? சரி. ஐந்து, பிறரின் கட்டளைக்கு எதிர்க்கேள்வியின்றிக் கீழ்ப்படிவீரா? பென்சில் தாளில் பதியும்படி அழுத்திச் சரி போட்டான். ஒன்பது, நெருக்கடியில் பிறருக்குக் கட்டளையிடுவீரா? இதற்குச் சாட்சி தேடி ஞாயிறு முழுவதும் யோசித்தான். பத்தொன்பது வருடத்தில் அவன் யாரையும் எதையும் செய்யச் சொன்னதாக ஞாபகம் இல்லை. பெட்டியை வெறுமையாக விட்டான்.

சாட்சி திங்கட்கிழமை வந்தது.

வாப்பா மீராமுகைதீனுக்கு வாய்க்காலில் உடைந்த போத்தல் காலில் ஏறி ஆறு தையல். ஈரத்தில் கால் வைக்கக் கூடாதென்று டொக்டர் சொல்லியிருந்தார். நற்பிட்டிமுனைக்கு மேற்கே வயல் வட்டையில் அவருடைய நாலு ஏக்கரும் விளைந்து தலை கவிழ்ந்து நின்றது. பொலன்னறுவையிலிருந்து வந்திருந்த வெட்டு மெசினை அவர்தான் பேசி எடுத்திருந்தார்.

"இண்டைக்கு வயலுக்கு நீதான் போடியார்," என்றார் கட்டிலில் இருந்தபடி. "ஒம்பது மணிக்கு மெசின் வரும். மொதல் நம்மட வயல். பொறகுதான் மத்த ஆக்கள். நாலு பேரு வந்து நாலு கத சொல்லுவாங்க. நீ ஒண்டு மட்டும் சொல்லு: மொதல் நம்மட வயல்."

"ஓம் வாப்பா."

"எங்க, சொல்லு பாப்பம்."

"மொதல் நம்மட வயல்."

"பள்ளியில கித்தாப் பாடமாக்கிற மாதிரிச் சொல்லுறாய். சரி, போ."

மெசின் ஒன்பதேகாலுக்கு வந்தது. வட்டைக்குள் அது இறங்குவதற்கு இருந்த ஒரே வழி காரைதீவுக் கனகசபாபதியின் வரம்பு. கனகசபாபதி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வயலுக்குள் இறங்கி ஒரு நெற்கதிரைப் பிடித்து உள்ளங்கையில் தேய்த்தார்.

"தம்பி, வாப்பாட கால் எப்பிடி?"

"இப்ப பரவாயில்ல ஐயா."

"உங்கட நெல்லுல இன்னும் பனி ஈரம் கிடக்கு, பாரு. என்ட மேட்டு வயல், காஞ்சு கிடக்கு. ஒண்டர ஏக்கர்தான். மெசின் வாற வழியிலதானே. ஒரு மணித்தியாலம். அதுக்குள்ள உங்கடயும் காஞ்சிரும். என்ன சொல்லுறாய்?"

அவர் சொன்னது நியாயமாகவே இருந்தது. பஸால் கதிரைத் தொட்டுப் பார்த்தான். ஈரம் இருந்தது. 'மொதல் நம்மட வயல்' என்ற வசனத்தை மனதுக்குள் ஒரு தடவை முழுதாகச் சொன்னான்.

"சரி ஐயா."

ஒரு மணித்தியாலம் இரண்டேமுக்கால் ஆனது. மெசின் கரையேறும்போது துஷாந்தினி அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரம்பால் ஓடி வந்தாள். புருஷன் கட்டாரில். அரை ஏக்கர்தான், மெசின் திரும்புகிற திருப்பத்தில் முடிந்துவிடும், இல்லாவிட்டால் அவளுக்கென்று தனியாக யார் மெசின் கொண்டுவருவார்? பஸால் தலையாட்டினான். மெசின்காரன் சாவியில் கையை வைத்துக்கொண்டு மேலிருந்து சிங்களத்தில் கேட்டான்: "தம்பி, முடிவு உன்னுடையதா, இந்த ஊர் முழுவதினுடையதா?" பக்கத்தில் சாக்குப் பிடிக்க நின்றவர்கள் சிரித்தார்கள்.

பன்னிரண்டரைக்கு மேற்கே வானம் ஈயச்சட்டி போலக் கறுத்தது. பங்குனியில் மழையை யாரும் எதிர்பார்க்கவில்லை. பஸால் மெசினுக்குக் கிட்டப் போனான். துஷாந்தினியின் வயலில் பாதி மிச்சம் இருந்தது. அதை விட்டுவிட்டு இப்போதே எங்கள் வயலுக்கு வாருங்கள் என்று சொல்ல வேண்டும். சிங்களத்தில் மரியாதையாகச் சொல்ல ஒரு முடிவு இருக்கிறது, கட்டளையாகச் சொல்ல வேறொரு முடிவு. நிரோசன் சேர் இரண்டையும் படிப்பித்திருந்தார். பஸால் மனதுக்குள் வசனத்தை ஒருமுறை கட்டி, பிழை பார்த்து, மறுபடி கட்டினான். அதற்குள் மெசின் அடுத்த வரிக்குத் திரும்பிவிட்டது. துஷாந்தினியின் பிள்ளை மெசினைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தது.

மழை ஒரு மணிக்குப் பிடித்தது. பெரிய துளிகள், பிறகு காற்று. நாலு ஏக்கர் நெல்லும் கிழக்கே தள்ளி விட்டதுபோல ஒருமிக்கச் சாய்ந்தது. அரை மணித்தியாலத்தில் வயலுக்குள் நீர் நின்றது. மெசின் இறங்கினால் புதையும் என்று மெசின்காரன் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பீடி பற்றவைத்தான்.

கனகசபாபதி தன் நெல் மூடைகளைப் படங்கால் மூடிவிட்டு நனைந்தபடி வந்தார். பஸாலின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

"நீ ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் ஒதுங்கியிருப்பன் தம்பி. எங்களுக்கு ஆசதானே, கேப்பம். கேக்கிற எல்லாத்துக்கும் ஓம் எண்டு சொன்னா எப்பிடி? வாப்பாக்கு நான் என்ன மறுமொழி சொல்லுற?"

"பரவாயில்ல ஐயா," என்றான் பஸால். சொன்ன பிறகுதான், அதுவும் அதே பழக்கம் என்று அவனுக்குப் பட்டது.

வீட்டுக்கு வந்து தலை துவட்டுமுன் தாளை எடுத்தான். ஒன்பது: பிழை. பக்கத்தில் திகதியும் போட்டான்.

அஸர் தொழுதுவிட்டு மிஹ்லார் மாமா வந்தார். ஸகியாவின் மூத்த சகோதரர். பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர். பிளேன்டியும் தட்டில் பனங்கட்டியும் வந்தன. வயலின் கதையை வாப்பா ஏற்கெனவே தொலைபேசியில் கேட்டிருந்தார். பஸால் வாசலில் நின்றான். ஏச்சு வரட்டும் என்று நின்றான். ஏசினால் அதைப் பிடித்துக்கொண்டு, நான் இப்படிப்பட்டவன்தான், என்னை அங்கே அனுப்பாதீர்கள் என்று சொல்லிவிடலாம்.

"மழைக்கு ஆரு என்ன செய்யிற," என்றார் மீராமுகைதீன். "நான் நிண்டாலும் பெய்ஞ்சிரிக்கும். ரெண்டு நாள் வெயில் அடிச்சா, சாஞ்சத ஆளப் புடிச்சிக் கையால வெட்டிக் காய வெக்கலாம். நீ அதப் பத்தி யோசிக்காத மகன்."

"பாத்தியா," என்றார் மாமா. "பாவம் பாத்து ஒரு பொம்புளப் புள்ளட வயல வெட்ட விட்டிரிக்கான். அதுதான் குணம். ஆபீசருக்கு வேணும் குணம்."

"அது குணமில்ல மாமா. எனக்குச் சொல்லத் தெரியல்ல."

"அடக்கமும் இரிக்கி," என்றார் மாமா.

பிறகு அவர் குரல் தணிந்தது. "மச்சான், அந்த வருசம் ஞாபகம் இரிக்கா? ஆமிக்காரங்க வீடு வீடா வந்து பாத்தாங்களே. உங்கட தாக்கத்தி மூண்டையும் மேசையில வெச்சிட்டு, இது எதுக்கு எண்டு கேட்டாங்க. நெல்லு வெட்டுறதுக்கு எண்டு சிங்களத்தில சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரல்ல. நீங்க கையால வெட்டிக் காட்டப் போக, அந்தப் பொடியன் துவக்கத் தூக்கினான். அண்டைக்கு அந்தப் பக்கத்தில நம்மட புள்ள ஒருத்தன் நிண்டிருந்தா? ஒரு வார்த்த போதும்."

மீராமுகைதீன் தையல் போட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளே அந்தத் தாக்கத்திகளை அவர் வாய்க்காலில் எறிந்துவிட்டது வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரியும். வாப்பா நெல் வெட்டுவதுபோலக் கையை வீசியபோது பக்கத்தில் பதினாலு வயதில் பஸால் நின்றான். பள்ளிக்கூடத்தில் சிங்களம் படித்திருந்தான். நெல்லுக்கும் வெட்டுவதற்கும் அவனுக்குச் சொல் தெரியும். சொல்லவில்லை. மாலை வகுப்புக்கு அவன் போவது அதற்குத்தான். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

"எல்லாம் சரி," என்றார் மீராமுகைதீன் கடைசியில். "போறவன் இவன்தானே. உனக்கு மனசு எப்பிடி மனே?"

கேள்வி வந்துவிட்டது. பஸால் வாயைத் திறந்தான்.

"ஸகியாத்தா," என்று கேற்றடியில் சத்தம். ஹுஸ்னியா சாச்சி நார்சாக் கோப்பையைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தாள். அந்த ஒழுங்கையில் கோப்பையை வெறுமையாகத் திருப்புகிற வழக்கம் இல்லை. பருப்போ, மாங்காயோ, ஒரு பிடி சீனியாவது இருக்கும். சாச்சியின் கோப்பையில் ஆறு முட்டை.

"ஊர்க்கோழி முட்ட. ஓடவிடுவாங்களாமே அங்க. பச்சையாக் குடிக்கச் சொல்லு," என்றாள். உள்ளே வந்து அவன் நெற்றியில் கைவைத்துத் துஆ ஓதி ஊதினாள். அவள் போவதற்குள் கமீலா ராத்தா வந்தாள். அவளுடைய கோப்பையில் சப்பாத்துப் பொலிஷும் புதுத் தூரிகையும். பின்னால் ஒரு பிள்ளை வெள்ளைத் துவாயோடு வந்தது. மஃரிபு பாங்கு சொல்வதற்குள் குசினி மேசையில் ஒன்பது கோப்பைகள் நின்றன. சவர்க்காரம், பேரீச்சம்பழம், ஒரு சோடிக் கால்மேசு, குர்ஆன் வசனம் எழுதி மடித்த சின்னப் பை. ஸகியா ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். வாப்பாவின் கேள்வி கட்டிலடியில் எங்கோ விழுந்து போயிற்று. அதை மறுபடி எடுத்துக் கொடுக்க அவரும் நினைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வெயில் அடித்தது. முஸ்பிறா கிணற்றடியில் கீரி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பஸால் தாளோடு போய்க் குந்தினான்.

"ராத்தா, நான் கேக்கன். நீ பொய் சொல்லாமச் சொல்லு."

"காசு கேக்கப்படாது."

"பதினொண்டு. தேவைப்படும்போது குரலை உயர்த்துவீரா?"

"நீயா? கோழியக் கலைக்கவும் 'தயவுசெய்து போ' எண்டு சொல்லுறவன். பிழ போடு."

"பன்னெண்டு. உம்மை அவமதித்தால் உடனே மறுத்துப் பேசுவீரா?"

"ரெண்டு நாள் கழிச்சி, குளிக்கக்குள்ள தனியாப் பேசுவாய். கேட்டிரிக்கன்."

அவன் சிரித்தான். அந்தக் கிழமையில் முதன்முதலாகச் சிரித்தான். அவள் சொல்லச் சொல்லப் போட்டான். எண்ணிப் பார்த்தபோது பதினொரு பிழை. கடைசிக் கேள்வியில் பென்சில் நின்றது. இருபது: இது உமது சொந்த முடிவா?

"அத நீதான் போடோணும்," என்றாள் முஸ்பிறா. மீன் கையை அலசிவிட்டு அவனைப் பார்த்தாள். "தம்பி, நீ வாயால சொல்லமாட்டாய். மாமா வந்தா ஓம் எண்டுருவாய். இந்தத் தாள வாப்பாட்டக் குடு. அவர் வாசிப்பார். பொறகு அவர் பாத்துக்குவார். அவருக்கு உன்ன அனுப்ப மனசில்ல. எனக்குத் தெரியும்."

"உம்மா?"

"உம்மா அழுவா. அழுதிட்டுச் சமைப்பா."

அது நல்ல யோசனை என்று பட்டது. எழுதியதைக் கொடுப்பது அவனால் முடிந்த காரியம். கடிதம் இருந்த நீலப் பைலுக்குள்ளே தாளையும் வைத்தான். இருபதாவது பெட்டியை வெறுமையாகவே விட்டான். அதற்கு வாப்பா கேட்டால் வாயாலேயே 'இல்ல' என்று சொல்லலாம். ஒரே ஒரு சொல். அதை அன்றிரவு பாயில் படுத்துக்கொண்டு பல தடவை சொல்லிப் பார்த்தான்.

புதன்கிழமை கொழும்பு பஸ் பின்னேரம் நாலரைக்கு. காலையிலிருந்து வயலில் ஆட்கள் கையால் வெட்டிக் கொண்டுவந்த ஈர நெல்லை ஒழுங்கை முகப்பில், வீதியோரம் படங்கு விரித்துக் காயப்போட்டிருந்தார்கள். பஸால் பகல் முழுவதும் பலகையால் அதைக் கிளறினான். முளைக்கத் தொடங்கிய நெல்லின் புளித்த மணம். தண்ணீர் குடிக்க வீட்டுக்குப் போனபோது ஸகியா பையை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பைலையும் பாத்து ஒழுங்காக்கி வெச்சிட்டன்," என்றாள். "நீ ஒண்டுக்கும் யோசிக்காத."

வாப்பா கிளினிக்கிலிருந்து வர மூன்றரை ஆயிற்று. கட்டிலில் உட்கார்ந்து காலைத் தூக்கி வைத்தார். பஸால் குளித்து வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு பைலோடு அவருக்கு முன்னால் வந்து நின்றான். ஸகியா கதவடியில். முஸ்பிறா அவளுக்குப் பின்னால், எதையோ சொல்ல வேண்டும்போல அவன் கண்ணைத் தேடினாள். அவன் பார்க்கவில்லை; தைரியம் போய்விடும் என்று வாப்பாவை மட்டும் பார்த்தான்.

"வாப்பா, இத வாசிங்க."

மீராமுகைதீன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். விரலை வைத்து வாசித்தார். மெதுவாக வாசிக்கிறவர் அவர். ஒன்றாம் கேள்வி, இரண்டாம் கேள்வி. ஒன்பதில் விரல் நின்றது. விரல் கீழே இறங்கியது. பதினொன்று, பன்னிரண்டு. தாளின் அடிவரை போனது. அவர் நிமிர்ந்தபோது முகம் விரிந்திருந்தது.

"நான் ரெண்டு ராவாத் தூங்கல்ல மனே," என்றார். "மனசு வராத புள்ளய அனுப்பப்படாது எண்டு நினைச்சன். உனக்கு விருப்பமில்ல எண்டு ஒரு சொல்லுச் சொன்னா, மிஹ்லார்ட்ட நானே கதைக்கிற எண்டுதான் இருந்தன். ஊருக்கும் நானே சொல்லியிருப்பன். இப்ப இதப் பாத்த பொறகு எனக்கு நெஞ்சுப் பாரம் கொறஞ்சிட்டு. எல்லாத்துக்கும் சரி எண்டுதானே போட்டிரிக்காய்."

பஸால் தாளை வாங்கிப் பார்த்தான். பிழை போட்டிருந்த பதினொரு பெட்டியிலும் நீலப் பேனையால் சரி. ஒன்பதில் அவன் போட்ட திகதியும் இல்லை. அழுத்தி அழித்ததில் தாள் மெலிந்து மயிர் எழும்பியிருந்தது. சாய்த்துப் பார்த்தால் நீலச் சரிக்கு அடியில் அவனுடைய பிழையின் தடம் இன்னும் பள்ளமாகக் கிடந்தது. அவன் தாயைப் பார்த்தான். ஸகியாவின் சுட்டுவிரலில் மை. நேர்முகப் பரீட்சைக்குக் கொண்டுபோகிற தாளில் மகன் இத்தனை பிழை விட்டிருக்கிறானே என்று திருத்தியவள், பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் தைத்துக் கொடுத்த முகத்தோடு நின்றாள்.

"உம்மா நான் சொல்லச் சொல்லக் கேக்கல்ல," என்றாள் முஸ்பிறா, அவன் பக்கம் வந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

"என்ன?" என்றார் மீராமுகைதீன்.

முஸ்பிறா மறுபடி தாய்க்குப் பின்னால் போய் நின்றாள். பஸாலுக்கு வசனம் தெரியும். இது நான் போட்டதில்ல வாப்பா. நாலே சொல். அதைச் சொன்னால் அடுத்த சொல் உம்மாவைப் பற்றியதாக இருக்கும். உம்மாவுக்குப் பின்னால் குசினி மேசையில் கழுவிக் கவிழ்த்த கோப்பைகள் தெரிந்தன. இருபத்தாறும் வந்து சேர்ந்துவிட்டன. அவன் வசனத்தை மனதுக்குள் கட்டி, பிழை பார்த்தான்.

வெளியே மிஹ்லார் மாமா கொண்டுவந்த முச்சக்கர வண்டி ஹோர்ன் அடித்தது.

"இருபதாவது மட்டும் வெறுமையாக் கிடக்கு," என்றார் வாப்பா. "மறந்திட்டியா? அங்க போய் வெறுமையாக் குடுக்கப்படாது. இந்தா."

தன் சேட்டுப் பையிலிருந்து பேனையை எடுத்து மூடியைக் கழற்றி நீட்டினார். பஸால் வாங்கினான். பைலை முழங்காலில் வைத்துக்கொண்டு குனிந்தான். ஹோர்ன் மறுபடி அடித்தது.

"நேரம் போகுது மனே," என்றாள் ஸகியா.

"ஓம் உம்மா," என்றான். மற்றப் பெட்டிகளில் உள்ளதைப் போலவே, கோட்டுக்கு வெளியே போகாமல், வடிவாக ஒரு சரி போட்டான்.